தோளில் உதிரும் நேற்றைய ஜெல்

மருந்து கம்பெனியில் ரெப்பாகச் சேர்ந்த முதல் வருடம் அது. தோல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனேன். பையில் இருந்தது பொடுகுக்கான கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு. மனப்பாடம் செய்து வைத்திருந்ததை நான் ஒப்பித்து முடிக்கும்வரை டாக்டர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் பார்வை என் கருநீலச் சட்டையின் தோளிலேயே இருந்தது. கடைசியில் சாம்பிள் பாட்டிலை என் பக்கமே நகர்த்தி, "மொதல்ல நீங்க போட்டுப் பாருங்க தம்பி" என்றார். அப்புறம் என்ன தோன்றியதோ, தோளிலிருந்து ஒரு துகளை எடுத்து, மேசையிலிருந்த டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து உருட்டிப் பார்த்தார். பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. "இது பொடுகே இல்லையே. என்ன ஜெல் போடுறீங்க?"

அன்றைக்கு அவர் எனக்கு ஒரு சீட்டும் எழுதவில்லை. ஆனால் அந்த டம்ளர் சோதனையை, புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் பயிற்சி கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் செய்து காட்டுகிறேன்.

ரெப், பேங்க் கவுன்டர், ஹோட்டல் ரிசப்ஷன், ஷோரூம் சேல்ஸ் என்று எதிராளி இரண்டடி தூரத்தில் நின்று நம்மைப் பார்க்கும் வேலைகளில் தோள் வெள்ளையாக இருந்தால் நாம் பேசுவது காதில் ஏறாது. அநியாயம்தான். ஆனாலும் நடப்பது அதுதான். இதில் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தப்பு, வெள்ளையாக எது விழுந்தாலும் பொடுகு என்று முடிவு கட்டிப் பொடுகு ஷாம்புவைத் தேய்ப்பது. அந்த ஷாம்புவில் உள்ள மருந்து மலசீசியா என்ற பூஞ்சையை அடக்குவதற்கானது. காய்ந்த ஜெல்லோடு அதற்குப் பகையும் இல்லை, உறவும் இல்லை.

ஆகவே முதலில் துகளைச் சோதியுங்கள். ஈரவிரலில் உருட்டும்போது பிசுபிசுத்தால் ஜெல் அல்லது ஸ்ப்ரே. மெழுகு போல வழுக்கி இழுபட்டால் வாக்ஸ் அல்லது பொமேட். இரண்டும் இல்லாமல் செதிலாகவே இருந்து, தலையும் அரித்தால் பொடுகாக இருக்கலாம். முடி கொட்டுவதற்கு மினாக்சிடில் போடுகிறவர்களுக்கு அந்த மருந்தே காய்ந்து வெள்ளைப் பொடியாக உதிர்வதுண்டு. அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

இன்னொரு சோதனையும் உண்டு. நகத்தால் மண்டையை லேசாகச் சுரண்டுங்கள். சாம்பல் நிறத்தில் மசகு போல நகக்கண்ணில் வந்தால், எண்ணெய், வியர்வை, தூசி, ஜெல் எல்லாம் சேர்ந்து கட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

எதை எது கரைக்கும்

ஜெல்லுக்குப் பிடிப்பைக் கொடுப்பது பிவிபி போன்ற பாலிமர்கள். அவை காய்ந்ததும் முடிமேல் மெல்லிய படலமாகிவிடும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து, வாஷ்பேசினில் சீப்பை நனைத்து ஒரு தடவை சீவுகிறோமே, அப்போதுதான் அந்தப் படலம் உடைந்து பொரியாகக் கொட்டுகிறது. மறுநாள் தலைக்குக் குளிக்காமல் மேலேயே இன்னொரு பூச்சு. பழைய போஸ்டர்மேல் புதுப் போஸ்டர் ஒட்டிய சுவர் கணக்குத்தான். நல்ல செய்தி என்னவென்றால், இது தண்ணீரில் கரையும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நிமிடம் நன்றாக ஊறவிட்டு, பிறகு ஷாம்பு போட்டால் போய்விடும். அவசரத்தில் தலையை நனைத்தும் நனைக்காமலும் ஷாம்பு போடுவதால்தான் பாதி தங்கிவிடுகிறது.

வாக்ஸ் கதை வேறு. தேன்மெழுகு உருகவே 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கர்னாபா மெழுகுக்கு 80 டிகிரிக்கும் மேல். நாம் குளிக்கும் வெந்நீர் 40 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். அதனால் வெந்நீரை எவ்வளவு ஊற்றினாலும் மெழுகு அசையாது, மண்டைதான் வறளும். மெக்கானிக் கை கிரீஸைப் போக்க முதலில் தண்ணீரைத் தேடுவதில்லை, மண்ணெண்ணெயைத் தேடுகிறார். அதே புத்திதான் இங்கேயும் வேலை செய்யும். முடி காய்ந்திருக்கும்போதே தேங்காய் எண்ணெய் ஒரு டீஸ்பூன் எடுத்து, வாக்ஸ் படிந்த இடங்களில் தேய்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றாமல், அந்த எண்ணெய்மேலேயே ஷாம்புவைப் போட்டுக் கசக்குங்கள். கொஞ்சம் தண்ணீர் தெளித்து மறுபடி கசக்கி அலசுங்கள். இரண்டாவது தடவை ஷாம்பு போடும்போது நுரை பொங்கினால் படிவு போய்விட்டது. பொங்கவில்லை என்றால் இன்னும் மிச்சம் இருக்கிறது.

சீரம், கண்டிஷனர் போடுகிறவர்களுக்கு டைமெத்திகோன் போன்ற சிலிக்கோன்கள் தங்கும். அவையும் தண்ணீரில் கரையாது, ஆனால் சாதாரண சல்ஃபேட் ஷாம்புவுக்கே பெரும்பாலும் கட்டுப்படும். கண்டிஷனரை மண்டையில் தேய்க்காமல் முடி நுனிக்கு மட்டும் போட்டால் இந்தத் தொல்லையே குறைவு.

குழாய்த் தண்ணீரையும் கவனியுங்கள்

சென்னையில் போர்வெல்லையும் லாரித் தண்ணீரையும் நம்பி இருப்பவர்களுக்கு இது தனிப் பாடம். பாத்ரூம் குழாயின் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிகிறதா? அந்தக் கால்சியமும் மக்னீசியமும் முடியிலும் படியும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கிறது, வேறு வழியே இல்லாத இடத்தில் 600வரை அனுமதிக்கிறது. குளிக்கிற தண்ணீரை யார் அளந்து பார்க்கிறார்கள்?

மேன்ஷனிலும் பிஜியிலும் இருக்கும் பையன்களிடம் நான் கண்ட பெரிய குற்றம் ஒன்று உண்டு. உடம்புக்குப் போடும் சோப்பையே தலைக்கும் போடுவார்கள். சோப்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் கரையாத கசடு உண்டாகும். பக்கெட்டின் உள்சுற்றில் வழுவழுப்பாகப் படிகிறதே, அதேதான். அது முடியில் ஒட்டி, முடி துடைப்பக்குச்சி ஆகிவிடும். அதை அடக்க இன்னும் கொஞ்சம் ஜெல். ஷாம்பு அப்படிக் கசடு கட்டாது. சாஷே ஒன்று வாங்கி, பாதியை முதல் தடவைக்கும் மீதியை இரண்டாம் தடவைக்கும் வைத்துக்கொண்டாலே போதும்.

கடைசி ஒரு மக்குக்கு மட்டும் கேன் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு ரொம்ப அதிகம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் கலந்து ஊற்றி, உடனே அலசிவிடலாம். கிளாரிஃபையிங் என்று அச்சிட்ட ஷாம்பு கிடைத்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். அதில் இடிடிஏ சேர்ந்திருந்தால் உப்புப் படிவையும் பிடித்திழுக்கும். தினமும் போட்டால் தலை வறண்டு, நிஜச் செதிலே உதிரத் தொடங்கும். டை அடித்த முடியில் நிறமும் சீக்கிரம் இறங்கும். ஆப்ப சோடாவைத் தலையில் கொட்டும் வீடியோக்களை நம்பாதீர்கள். மண்டைத் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, சோடா காரம். சீயக்காய்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தூளாகப் போட்டால் திப்பி முடிக்குள் மாட்டும். இன்டர்வியூ வாரத்தில் வேண்டாம்.

சேராமல் இருக்க

வாங்கும்போதே பாதி வேலையை முடித்துவிடலாம். கடையில் டெஸ்டர் இருந்தால் புறங்கையில் துளி தடவிக் குழாயில் காட்டுங்கள். வெறும் தண்ணீரில் போனால் தினசரி வேலைக்கு அதுவே சரி. வழுவழுப்பாக நின்றால் கல்யாண வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டாணி அளவு போதும். உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்துவிட்டு முடியின் நடுவிலிருந்து நுனிக்குப் போடுங்கள். விரல் மண்டையைத் தொட்டால் அளவு மீறிவிட்டது. எண்ணெய் வைத்த தலையில் ஜெல் போடுவது சேற்றில் சிமென்ட் கொட்டுவது மாதிரி, இரண்டில் ஒன்று மட்டும். ஜெல் ஈரமாக இருக்கும்போதே ஹெல்மெட் மாட்டினால் அது வியர்வையோடு குழைந்து நெற்றி விளிம்பில் இறங்கும், அங்கே பரு வரும். காய்ந்த பிறகு மெல்லிய பருத்தித் துணியைக் கட்டி ஹெல்மெட் போடுங்கள். ஹெல்மெட்டின் உள்துணி கழன்று வருமென்றால் வாரம் ஒருமுறை துவையுங்கள். சீப்பையும் ஷாம்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்கலாம். அதன் பற்களுக்கிடையில் இருப்பதைப் பார்த்தால் உங்களுக்கே சங்கடமாக இருக்கும். ஜெல் போட்ட நாளில் இரவே தலையை அலசிவிட்டுப் படுப்பது எல்லாவற்றிலும் நல்லது.

திங்கட்கிழமை இன்டர்வியூ என்றால் முடிவெட்டல் புதன் அல்லது வியாழன். வெட்டி முடித்ததும் சலூன் அண்ணன் கேட்காமலேயே வாக்ஸ் டப்பாவைத் திறப்பார். "அண்ணே, செட் பண்ண வேணாம், அப்படியே விடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை இரவு முழு அலசல். திங்கள் காலை, துவட்டிய தலையில் துளி ஜெல், ஒரே ஒரு சீவல். அலுவலக வாசலில் இன்னொரு தடவை சீப்பை எடுக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால் சட்டைக்குமேல் கைக்குட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜெல், வாக்ஸ் எல்லாவற்றையும் இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்தும் செதில் விழுந்துகொண்டே இருந்தால், தோல் சிவந்தால், மஞ்சள் பொருக்கு கட்டினால், முடி வட்ட வட்டமாகப் போனால், கடைக்காரரைக் கேட்காமல் தோல் டாக்டரிடம் போங்கள்.

டீம் லீடராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழே வேலை செய்யும் பையனின் தோளில் இதைக் கண்டால் மீட்டிங்கில் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பில் சொல்லவே சொல்லாதீர்கள். கஸ்டமரைப் பார்க்கக் கிளம்பும் முன் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, "தோள்ல ஜெல் உதிர்ந்திருக்கு தம்பி, தட்டிவிட்டுட்டு வா" என்றால் போதும். தட்டும்போது ஈரக்கையால் தட்டக் கூடாது, பசையாகிக் கறை பிடிக்கும். காய்ந்த கைக்குட்டையைக் கொடுத்து அனுப்புங்கள்.