பாறையும் படக்கருவியும்

தேனி மாவட்டம் உத்தமபாளையத்தில், கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில், சமணத் தீர்த்தங்கரர்கள் புடைப்புச் சிற்பங்களாக வரிசையாய் வீற்றிருக்கின்றனர். கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை இவை. பாம்பின் படமே குடையாக விரிந்திருப்பதைக் கொண்டு பார்சுவநாதரை எளிதில் அறியலாம். சிற்பங்களைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று அச்சணந்தி. மதுரையை அடுத்த ஆனைமலையிலும் இத்துறவியின் பெயர் காணப்படுகிறது.

வெயிலும் மழையும் கல்லை ஓயாது தேய்க்கின்றன. இன்று படிக்க இயலும் எழுத்து நாளையும் அவ்வாறே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே நிழற்படம் இங்கே அழகுக்கன்று, ஆவணத்துக்கு.

உச்சிவெயிலில் எடுத்த படத்தில் புடைப்புகள் தட்டையாகிவிடும். ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்போதுதான் ஒவ்வொரு கீறலும் தன் நிழலைப் பெற்று எழுத்தாகத் தெரியும். சாய்வொளி கிடைக்காதபோது கைவிளக்கை ஒருபுறமாகப் பிடித்தால் போதும். எழுத்து தெளிவாகத் தெரியவேண்டும் என்று சுண்ணக்கட்டியால் தேய்ப்போர் உண்டு. அது கல்லுக்குக் கேடு. அதனினும் பெரிய கேடு, தேய்ப்பவர் எண்ணிய எழுத்தே படத்தில் பதிந்துவிடுவது. அளவுகோல் ஒன்றை அருகில் வைத்து, நாளையும் இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். வழிபாடு நடக்கும் இடமாதலால் கோயிலாரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு எடுப்பதே முறை.

1858இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். 

படம் சான்றாக நின்ற வரலாறும் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் செப்புத்திருமேனி களவுபோய், 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994இல் அக்கோயிலிலேயே எடுத்திருந்த படம் திருமேனியின் உரிமையை மெய்ப்பித்தது. 2014இல் நடராசர் இந்தியாவுக்குத் திரும்பினார்.

உத்தமபாளையத்துப் பாறையை எவரும் பெயர்த்துச் செல்ல இயலாது. ஆயினும் எழுத்துகள் ஒவ்வொன்றாய் மறையலாம். ஒரே இடத்தில் நின்று, ஒரே ஒளியில், சில ஆண்டுகள் இடைவிட்டு எடுத்த இரு படங்களை அருகருகே வைத்தால் இழந்த எழுத்து எது என்பது புலப்படும். அதற்கு முதற்படம் ஒன்று எவரிடமேனும் இருக்கவேண்டும்.