வானம் தோண்டும் முன்னால்

தாயி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் வீடில்லாதவர்களுக்கு வீடு கிடைக்க உதவும் வேலையில் சேர்ந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். திருச்சுழிக்கு வெளியூர்க்காரர்கள் ஒரு வீட்டைப் பார்க்கவே வருவார்கள், 1879-இல் ரமணர் பிறந்த வீடு. நீ பார்க்கப்போவது அந்தத் தெருவெல்லாம் தாண்டி, கருவேலங்காட்டு ஓரத்தில் நிற்கும் குடிசைகளை. கட்டுமான நுணுக்கத்தைக் கொத்தனாரிடம் கேட்டுக்கொள். அவர் சொல்லாததைப் பெரியப்பன் சொல்கிறேன்.

1. முதல் நாள் போகும்போது விண்ணப்பத்தைப் பையை விட்டு எடுக்காதே. போய் உட்கார். ஆட்டை எங்கே கட்டுகிறார்கள், விறகை எங்கே அடுக்குகிறார்கள், ராத்திரி யார் எங்கே படுக்கிறார்கள் என்று பார். சர்க்கார் வீட்டுக்கு அளவு சென்னையில் போடுகிறார்கள். 2011-இல் வந்த பசுமை வீடு 300 சதுர அடி. 2024-இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. நீலகிரிக்கும் நரிக்குடிக்கும் அதே அளவுதான். அருப்புக்கோட்டையில் ஒரு கைத்தறிக்காரர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல தறிக்குழி எங்க சார் வருது?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. தறி வைத்தால் ஆள் படுக்க முடியாது, ஆள் படுத்தால் தறி வைக்க முடியாது. கடைசியில் தறியைப் பழைய கூரைக்குக் கீழேயே விட்டுவிட்டு, தூங்குவதற்கு மட்டும் புது வீட்டுக்குப் போனார். அந்தக் கேள்வியை அவர் கேட்பதற்கு முன்னால் நீ கேட்க வேண்டும். தாளில் இருக்கும்வரை சுவரை நகர்த்தக் காசு ஆகாது.

2. குடிசைவாசிக்கு வீடு என்பார்கள். ஆனால் குடிசை நிற்கிற மண்ணுக்கு அவர் பெயரில் பட்டா இருக்க வேண்டும். இருப்பதிலேயே ஏழையிடம் இல்லாதது அந்தத் தாள்தான். அவர் கண்மாய்க் கரையிலோ ஓடைப் புறம்போக்கிலோ இரண்டு தலைமுறையாக இருப்பார். நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடைக்காது. கண்மாய்களைக் காக்க 2007-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். இந்த வறண்ட சீமையில் கண்மாய் போனால் ஊரே போச்சு. ஆகவே "வாங்கித் தருகிறேன்" என்ற சொல்லை வாயில் வைத்துக்கொள்ளாதே. மாற்று மனை தேடலாம், மனுக் கொடுக்கலாம் என்று மட்டும் சொல். இல்லாதவன் வீட்டில் விட்ட வாக்குக்குக் கந்துவட்டியைவிட வேகமாக வட்டி ஏறும்.

இன்னொன்று. மனையைச் சித்திரையில் பார்த்துச் சரி என்று சொல்லிவிடாதே. ஐப்பசியில் ஒரு நடை போ. முழங்கால் தண்ணீரில் நின்றால், காலனிக்கென்று ஒதுக்கிய இடம் பல ஊர்களில் ஏன் பள்ளத்திலேயே இருக்கிறது என்று புரியும். யாருக்கும் வேண்டாத நிலம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். எதிர்த்துப் பேசுவதானால் அப்போதே பேசு. கல் இறங்கிய பிறகு பேசுகிறவரை யாரும் மதிக்கமாட்டார்கள்.

3. கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். பங்குனி, சித்திரையில் வெடிப்புக்குள் கையை விட்டுப் பார், முழங்கை வரை போகும். அதன் மேல் ஆழமில்லாமல் வானம் தோண்டி எழுப்பிய சுவர் இரண்டு மழைக்குள் நிலைக்கு மேலே சாய்வாக விரிசல் விடும். பழைய கொத்தனார்கள் சுக்கான் பாறை தட்டுகிற வரை தோண்டச் சொல்வார்கள். அப்புறம் மணலைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கெட்டிப்பார்கள், பேஸ்மட்டத்துக்கு மேலே சுற்றிலும் கம்பி கட்டி பெல்ட் போடுவார்கள். காசு குறையும்போது எல்லோருடைய கையும் முதலில் போவது இந்த வேலையில்தான், மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது என்பதால். குழியை மூடும் நாளில் நீ அங்கே நில். மேஸ்திரி முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும். காங்கிரீட் போடுகிற நாளில் நீ இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, அன்றைக்கு ஊரே நின்று பார்க்கும்.

கட்டும் காலம் தையிலிருந்து பங்குனி வரை. கண்மாயில் அப்போதுதான் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். வைகாசியில் டிராக்டர் தண்ணீர் வாங்கிச் சுவர் நனைக்க இவர்களால் முடியாது. நனையாத சிமெண்டு விரல் பட்டாலே உதிரும்.

4. கடனைக் கேள். கேட்பதற்குக் கூச்சப்படாதே. கனவு இல்லத்துக்கு மூன்றரை லட்சம் தருகிறார்கள். நல்ல தொகைதான், ஆனால் பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப் என்று வேலை ஏற ஏறத்தான் பணம் வரும். முதல் லோடு கல்லுக்கும் மணலுக்கும் கையில் இருக்க வேண்டும். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பத்தில் ஏது? கம்மல் அடகுக்குப் போகும், அது போதாமல் வட்டிக்காரர் வருவார். வீட்டைக் கட்டிப்பார் என்று பழமொழி சொன்னவன் கையில் கொஞ்சம் பசையுள்ளவனாகத்தான் இருந்திருப்பான். யூனியன் ஆபீஸில் அந்தந்த நிலைக்குரிய பில் தள்ளிப்போகிற ஒவ்வொரு வாரமும் இங்கே வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஓவர்சியரை வேலை முடிந்த அன்றே அளவெடுக்க வைப்பது உன் வேலை. மகளிர் குழுக் கடனை முன்கூட்டியே கேட்டு வைப்பதும் உன் வேலைதான். முன்னால் ஒரு போர்ட்டிகோ வேண்டும் என்று வீட்டுக்காரர் ஆசைப்பட்டால், ஏளனம் செய்யாமல், கணக்குப் போட்டுக் காட்டு. கம்பி நீட்டிக்கொண்டு பாதியில் நிற்கும் வீடுகளில் பல அந்த ஆசையில் நின்றவை.

செலவைக் குறைக்க அவர்களே கட்டிக்கொண்டால் என்ன என்று உனக்குத் தோன்றும். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் கீழத்தஞ்சையில் லாஃப்டி அமைப்பு மூலம் கூலிக்காரர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்ததோடு விடவில்லை. அவர்களையே செங்கல் அறுக்கவைத்து வீடும் கட்டவைத்தார். அந்த அம்மாவின் பிடிவாதத்தைப் படித்துக்கொள், முறையை அப்படியே இங்கே தூக்கி வராதே. அது வண்டல், இது கரிசல். இந்த மண்ணில் கல் அறுத்தால் காய்வதற்குள் வெடித்துவிடும்.

5. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதும் வீட்டில் சேர்த்தி. திருமங்கலத்தை அடுத்த மேலக்கோட்டையில் 1998-இல் முதல் சமத்துவபுரத்தைத் திறந்தார்கள். நூறு வீட்டில் 40 ஆதிதிராவிடருக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் 25, 25, மற்றவர்களுக்கு 10. தெருப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிகிற நம் சீமையில் அது சின்னக் காரியமில்லை. தொண்ணூறுகளில் சாதிக் கலவரத்தில் தென்மாவட்டங்கள் எரிந்ததை நேரில் பார்த்தவன் சொல்கிறேன். ஆனால் சுவரைப் பக்கத்தில் பக்கத்தில் எழுப்ப ஒரு வருஷம் போதும். ஒரு வீட்டுச் செம்பில் மற்றவர் தண்ணீர் குடிக்க அதைவிட நாளாகும். "அந்த ஆளுக்குப் பக்கத்தில் வேண்டாம், மாற்றிக் கொடு" என்று ஒருவர் வந்து நிற்பார். கோபப்படாமல், சிரித்துக்கொண்டே, மாற்றாமல் இரு.

6. இதை நிதானமாகப் படி. தனியாக வாழ முடியாதவர்களுக்கு நாலு சுவர் மட்டும் கொடுத்தால் அது வீடாகாது.

எனக்குத் தெரிந்த ஒரு கிழவி, பிள்ளையில்லாதவள். அரும்பாடுபட்டு அவளுக்குக் காலனியில் வீடு வந்தது. ஆறு மாதம் கழித்துப் போனால் கதவு பூட்டிக் கிடக்கிறது. அவள் பழைய குடிசையில் இருக்கிறாள். வாசற்படி உயரம், ஏறமுடியவில்லை. கக்கூஸுக்குத் தண்ணீர் இல்லாததால் அதில் விறகு அடுக்கியிருக்கிறாள். அதெல்லாம்கூடப் பெரிதில்லை. "இங்கன இருந்தா காலையில நான் எந்திரிக்கலைனா பக்கத்துல ஒருத்தி வந்து தட்டுவா. அங்கன யாரு தட்டுவா?" என்றாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கும் சேர்த்தே மனை கேட்டிருக்க வேண்டும். கேட்டுப் பார், சில சமயம் கிடைக்கும்.

மனநோயிலிருந்து தேறியவர்களைப் பற்றிப் பேசவே தயங்குவார்கள். நமக்குத் தயங்க உரிமை இல்லை. ஏர்வாடி இங்கிருந்து வெகுதூரமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே நோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட வழியில்லாமல் 28 பேர் செத்தார்கள். அதே தமிழ்நாட்டில், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993-இல் தொடங்கிய 'தி பேன்யன்' நிறுவனம், பின்னாளில் 'ஹோம் அகெய்ன்' என்று ஒன்றைச் செய்து காட்டியது. ஆஸ்பத்திரியிலேயே வருஷக்கணக்கில் கிடந்தவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில், வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். துணைக்கு ஓர் ஆள் இருப்பார். சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், சண்டை போட்டுக்கொள்கிறார்கள். இப்படி ஒரு வீட்டுக்கு நீ இடம் தேடிப் போனால் வீட்டுக்காரர் பத்துக் காரணம் சொல்வார். அவரிடம் எதையும் மறைக்காதே. மறைத்துக் குடிவைத்தால் மூன்றாம் மாதம் காலிசெய்யச் சொல்வார்கள், நடுத்தெருவில் நிற்பது நீ அல்ல.

7. "இப்போதைக்கு இது போதும்" என்று யார் சொன்னாலும் சந்தேகப்படு. இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்குக் கொஞ்ச காலத்துக்கென்று கட்டிய பத்தடி அறைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பங்கள் இருந்தன. பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள். 2021-இல்தான் முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அரசு அறிவித்தது. தற்காலிகக் கொட்டகைக்கு நீ கையெழுத்துப் போட்டால், அதில் உன் பெயர் எத்தனை வருஷம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் போடு.

8. சாவி கொடுக்கிற அன்று போட்டோவுக்கு நிற்காதே. அடுத்த ஆடியில் போ, காற்றில் கதவு சரியாகச் சாத்துகிறதா என்று பார். நன்றி சொல்லவில்லை என்று மனத்தாங்கல் வேண்டாம். அவர்கள் மனுவெழுதி, அலைந்து, அடகுவைத்துக் கட்டிய வீடு அது.

9. கிராமசபையை ஒருபோதும் தவறவிடாதே. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வீட்டுப் பட்டியலை வாசிக்கும்போது, பட்டியலில் இல்லாதவர்களின் பெயரை எழுந்து நின்று சொல். மூட்டம் போட வெளியூர் போனவர், புருஷன் இல்லாதவள், கால் இழந்தவர், அன்றைக்குக் கூலியை விட்டு வரமுடியாதவர். தலைவர் முறைப்பார், ஒருவர் டீ வந்துவிட்டது என்று பேச்சை மாற்றுவார். பெயரையெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல். ஏற்றியதை வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடு. வெற்றுப் பக்கத்தை நீட்டினால் வாங்காதே.