மரை கழண்ட சைக்கிள்: ஃபிக்ஸி கட்டப் போறவங்களுக்கு ஒரு பாடம்

ஹாஸ்டல் ஷெட்டுல தூசி பிடிச்ச பழைய சைக்கிளைப் பார்த்து, "இதை ஃபிக்ஸியா மாத்தினா என்ன?"ன்னு தோணியிருக்கா? அப்படின்னா பெயின்ட் கலர் முடிவு பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

சாதாரண சைக்கிளின் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் இருக்கும். மிதிக்கிறதை நிறுத்தினாலும் வண்டி தானா உருளும். ஃபிக்ஸட் கியரில் அது கிடையாது. காக் என்கிற பின் பல்சக்கரம் நேராக ஹப்போடு பூட்டியிருக்கும். சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும். காலால் எதிர்த்து அழுத்தினால் வேகம் குறையும். 1948-ல் ஜப்பானின் கொக்குராவில் தொடங்கிய கெய்ரின் பந்தயத்திலும் இதே அமைப்புதான். அந்த டிராக் வண்டிகளில் பிரேக்கே இருக்காது. ஆனா டிராக்ல குறுக்கே மாடும் வராது, ஷேர் ஆட்டோவும் வராது.

இப்போ என் கதை. செகண்ட் இயர்ல ஒரு பழைய வண்டியின் ஃப்ரீவீலைக் கழட்டிட்டு, அதே ஹப்புல காக்கை மாட்டினேன். ரெண்டுக்கும் பெரும்பாலும் ஒரே மரை அளவுதான், அழகா ஏறிடுச்சு. ஒரு வாரம் சமதரையில் ஜாலியா ஓடுச்சு. அப்புறம் ஒரு மேம்பால இறக்கத்துல காலால் எதிர்த்து அழுத்தினேன். பெடல் நின்னுச்சு, வண்டி நிக்கல! நண்பன் திட்டித் திட்டி மாட்ட வச்ச முன் பிரேக்தான் காப்பாத்துச்சு. அன்னிலேருந்து ஹாஸ்டல்ல என் பேரு "மரை கழண்டவன்".

என்ன நடந்தது? காக் வலது மரையில் ஏறுது. முன்னால் மிதிக்க மிதிக்க இறுகும். பின்னால் அழுத்தினால்? கழலும். அதனால்தான் உண்மையான டிராக் ஹப்பில் ரெண்டு படி மரை இருக்கும்: காக்குக்கு வலது மரை, அதுக்கு வெளியே லாக்ரிங்குக்கு இடது மரை. காக் கழலப் பார்க்கும்போது லாக்ரிங்கையும் அதே திசையில் இழுக்கும். இடது மரைக்கு அதுதான் இறுகும் திசை. ஆக, கழட்டும் விசையே பூட்டையும் இறுக்குது. சைக்கிளின் இடது பெடலும் இடது மரைதான், கழட்டிப் பாருங்க.

பசையோ, ஏதாவது ஒரு வலது மரை வளையமோ போட்டு சமாளிக்கலாம்னு சிலர் சொல்வாங்க. வேண்டாம். கையில இருக்கிற காசில் முதல் செலவு டிராக் ஹப், ரெண்டாவது முன் பிரேக், கடைசியா பெயின்ட்.

ஃப்ரேம் எடுக்கும்போது பின் ஆக்ஸில் உட்காரும் வெட்டைப் பாருங்க. அது படுக்கைவாட்டில் இருந்தால்தான் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து செயினை இறுக்க முடியும். நம்ம ஊர் பழைய கறுப்பு வண்டிகளில் அப்படித்தான் இருக்கும். முன், பின் பல்சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கணும். செயின் நடுவில் சுமார் 1 செ.மீ. ஆட்டம் போதும். கிராங்கைச் சுற்றிப் பார்த்து, செயின் ரொம்ப இறுகும் இடத்தில் அளந்து பாருங்க.

அடுத்து பற்கள். முன்னால் 48, பின்னால் 16 போட்டால் விகிதம் சரியாக 3. கேட்க நல்லா இருக்கும், ஆனா ஒரே காலை முன்னால் வச்சு ஸ்கிட் அடிச்சா, ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடம்தான் தேயும். 46/17 போடுங்க. அது சுருங்காத பின்னம், தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரியும். டயர் சுற்றளவு 2.1 மீட்டர்னு வச்சா, ஒரு மிதிக்கு சுமார் 5.7 மீட்டர், நிமிஷத்துக்கு 80 மிதிச்சா மணிக்கு 27 கி.மீ. நம்ம ரோட்டுக்கு இது தாராளம்.

எல்லாம் மாட்டியாச்சா? நேரா ரோட்டுக்குப் போகாதீங்க. முதல்ல காலி கிரவுண்டில் மெதுவா ஒரு ரவுண்டு. அப்புறம் சின்ன மேட்டில் நல்லா அழுத்தி ஏறுங்க. காக் இன்னும் கொஞ்சம் இறுகி உட்காரும். இறங்கி லாக்ரிங்கை மறுபடி ஸ்பேனர் போட்டு இறுக்குங்க. கடைசியா முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு, பெடலைப் பின்னால் பலமா அழுத்திப் பாருங்க. காக் இம்மி கூட அசையக் கூடாது.

அசையலையா? இப்போ கலர் யோசிங்க. என்னோடது மஞ்சள்.