மலைப்பாதையில் இரண்டு டீசல் என்ஜின்கள்



"டீசல் கார்ல எந்த என்ஜின்டா பெஸ்ட்?" நம் ஹாஸ்டலில் இந்தச் சண்டை ஓய்ந்ததே இல்லை. ஒருவன் பவர் என்பான், ஒருவன் மைலேஜ் என்பான், இன்னொருவன் "ரிப்பேரே வராதுடா" என்பான். மூன்றும் வேறு வேறு விஷயங்கள். விடுமுறையில் எங்கள் ஊர் செண்பகனூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பயிற்சிக்கு நின்றேன். அங்கே நான் பார்த்த இரண்டு என்ஜின்களை வைத்து இதை எழுதுகிறேன்.

ஒன்று, 2000 முதல் 2005 வரை இங்கே விற்ற டொயோட்டா குவாலிஸ்: 2,446 சி.சி., டர்போ கிடையாது. மற்றொன்று, 2007-ல் வந்த மாருதி ஸ்விஃப்ட் டீசல்: ஃபியட் வடிவமைத்த 1,248 சி.சி. மல்டிஜெட், டர்போவும் காமன் ரெயிலும் உண்டு. இரண்டுக்கும் திறன் ஒன்றே: 4,000 ஆர்.பி.எம்.-ல் 75 குதிரைத்திறன். பாதி அளவு என்ஜின், அதே பவர்!

திறன்

75 என்பது சமவெளிக் கணக்கு. எங்கள் ஊர் வெள்ளி நீர்வீழ்ச்சி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய டீசலும் குறையும். ஆக, டர்போ இல்லாத என்ஜினின் 75, தோராயமாக 62, 63 ஆகிவிடும். டர்போ உள்ளது, குறைந்த காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளி, இழப்பைப் பெருமளவு ஈடுகட்டும்.

இழுவிசையிலும் வித்தியாசம் உண்டு. குவாலிஸ் 2,400 ஆர்.பி.எம்.-ல் 151 நியூட்டன் மீட்டர் டார்க். ஸ்விஃப்ட் 2,000-லேயே 190. நாம் படித்த 2πNT/60 சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: முன்னது சுமார் 38 கிலோவாட், பின்னது சுமார் 40. ஆனால் கொண்டை ஊசி வளைவில் வேகம் விழுந்து டர்போ தூங்கிவிட்டால், சின்ன என்ஜின் திணறும். "தம்பி, யோசிக்காம ஃபர்ஸ்ட் கியருக்கு வந்துரு" என்பார் எங்கள் மேஸ்திரி.

சிக்கனம்

பழைய என்ஜினில் டீசல் முதலில் ஒரு சிறு அறையில் பற்றிக்கொண்டு, பிறகே சிலிண்டருக்கு வரும். அந்த அறையின் சுவர் வழியே வெப்பம் வீணாகும். புதியதில் நேரே பிஸ்டன் மேல் பீய்ச்சுகிறார்கள். இதனால் பொதுவாக 15 முதல் 20 சதவீதம் எரிபொருள் மிச்சம். குவாலிஸ் வண்டியே அதிக எடை. ஆகவே இரண்டு கார்களின் மைலேஜை மட்டும் வைத்து என்ஜினை எடை போடாதீர்கள்.

நம்பகம்

பழைய இன்ஜெக்டர் நூற்றுச் சொச்சம் பார் அழுத்தத்தில் திறக்கும். காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அதன் உள்பாகங்களின் இடைவெளி மைக்ரான் கணக்கு. ஒரு துளி தண்ணீரைக்கூட அது மன்னிக்காது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சர்வீசுக்கு வந்த ஒரு காமன் ரெயில் காரில், ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடிக்கச் சொன்னார் மேஸ்திரி. அவசரத்தில் விட்டுவிட்டேன். அன்றிரவே மழையில், மலைப்பாதை வளைவில், குழந்தைகளோடு வந்த குடும்பத்தை நடுவழியில் நிறுத்திவிட்டது அந்தக் கார். நாலு இன்ஜெக்டரையும் கழற்றி மதுரைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மேஸ்திரி திட்டவில்லை; அந்தக் குழந்தைகள் நனைந்ததை மட்டும் சொன்னார். குற்றம் என்ஜினுடையதல்ல, என்னுடையது.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. தொடர்ந்து வந்த டீசல் கார்களில் கரித்தூள் வடிகட்டி சேர்ந்தது. வண்டி நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் அந்தக் கரி எரியும். கடைவீதிக்கு மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும்.

முடிவாக: மலையேற்றத்துக்கும் சிக்கனத்துக்கும் புதியது, ரோட்டோரத்தில் ஸ்பானரோடு சரிசெய்யப் பழையது. நம்பகம் மட்டும் கம்பெனி புத்தகத்தில் முழுசாக இல்லை. சுத்தமான டீசல், சரியான ஆயில், நேரத்துக்கு ஃபில்டர் – அதில் பாதி நம் கையில்தான். நாளை ஸ்பானர் பிடிக்கப்போகும் நாம் இதை மறக்கலாமா?