மழைக்கணக்கை எதில் வைப்பது?

கோவில்பட்டிப் பக்கம் ஜாவா படிக்கிற பிள்ளைகளுக்கு அரே பாடம் வந்ததும், ஐந்து பாட மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி காணும் நிரல்தான் முதலில் கைக்கு வரும். அதை எழுதி முடித்த பிறகும் அரே எங்கே, அரேலிஸ்ட் எங்கே, ஹேஷ்மேப் எங்கே என்பது பிடிபடுவதில்லை. மானாவாரியை நம்பி வாழும் கரிசல் சீமையில் இதைக் கற்க அதைவிட நல்ல கணக்கு இருக்கிறது: மழைக்கணக்கு. 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்கும் ஊர் கோவில்பட்டி. மழைமானியில் காலை எட்டரைக்கு அளவெடுப்பார்கள். அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் பெய்தது அந்தத் தேதியின் கணக்கில் ஏறும்.

மாத மழை மட்டும் போதுமென்றால் யோசிக்கவே வேண்டாம், சாதாரண அரேதான். அரேயின் நீளத்தை உருவாக்கும்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. ஆண்டுக்கு 12 மாதம் என்பது கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. ஆகவே இங்கே அது குறையே அல்ல. இட எண் 0-இல் தொடங்குவதால், நமக்கு உயிரான வடகிழக்குப் பருவமழை மாதங்கள் மூன்றும் 9, 10, 11 ஆகிய இடங்களில் இருக்கும். டிசம்பரை 12 என்று கேட்டால் எல்லை மீறிய பிழையோடு நிரல் நின்றுவிடும். அப்படி நிற்பது நல்லது. அக்டோபரை 10 என்று கேட்டால் நிற்காது. நவம்பர் மழையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

தினசரி மழைக்கு 12 வரிசை, வரிசைக்கு 31 இடம் என்று கட்டம் போடுவார்கள் பலர். வேண்டாம், பிப்ரவரி 30-க்கும் ஓர் இடம் வந்துவிடும். ஜாவாவில் இருபரிமாண அரே என்பது அரேக்களைக் கொண்ட அரே, அவ்வளவுதான். ஒவ்வொரு வரிசைக்கும் தனி நீளம் கொடுக்கலாம். ஏப்ரலுக்கு 30, பிப்ரவரிக்கு 28 அல்லது 29. தமிழ் மாதப்படி வைக்க நினைத்தால் இது கட்டாயமே ஆகிவிடும்: மார்கழி 29 நாளிலும் ஆனி 32 நாளிலும் முடிகிற ஆண்டுகள் உண்டு.

இனி, கரிசல்காட்டுக் கணக்கில் மிக முக்கியமான இடம். புதிதாக உருவாக்கிய டபுள் அரேயில் எல்லா இடத்திலும் 0.0 தானாகவே நிரம்பியிருக்கும். நம் ஊரிலோ சுழியம் என்பது அளந்தெடுத்த உண்மை. ஆண்டின் பெரும்பாலான நாட்களுக்கு அதுதான் அளவு. மழையே பெய்யாத நாளும், யாரும் போய் அளக்காத நாளும் அரேக்குள் ஒன்றுபோலவே தெரியும். ஐப்பசியில் உளுந்து விதைத்த பிறகு தொடர்ந்து எத்தனை நாள் மழையில்லை என்று எண்ணும் நிரல், அளக்காத நாட்களையும் வறட்சியில் சேர்த்துவிடும். ஆகவே அரேயை உருவாக்கிய கையோடு எல்லா இடத்திலும் ‘எண் அல்ல’ என்று பொருள்படும் ‘நான்’ மதிப்பை நிரப்புங்கள். அதற்கு அரேஸ் வகுப்பில் ஃபில் இருக்கிறது. இரட்டைச் சமக்குறி போட்டு அந்த மதிப்பைச் சோதிக்க முடியாது, அது தனக்கே சமமாகாது. ‘இஸ்நான்’ கொண்டு கேட்க வேண்டும். கூட்டும்போது அந்த நாட்களை விட்டுவிட்டு, எத்தனை நாள் விடுபட்டது என்பதையும் விடையோடு சேர்த்துக் காட்டுங்கள்.

எத்தனை வரும் என்று முன்கூட்டியே தெரியாதபோது அரேலிஸ்ட். 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால்தான் வானிலைத் துறை அதை மழைநாள் என்கிறது. இந்த ஆண்டு அப்படி எத்தனை நாள் அமையும் என்று ஜனவரியில் யார் சொல்ல முடியும்? அரேலிஸ்ட்டுக்கு உள்ளேயும் ஓர் அரேதான் இருக்கிறது. அது நிரம்பினால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கில் புதியதை உருவாக்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றிக்கொள்ளும். முழு எண் பட்டியலில் ரிமூவ் செய்யும்போது கவனம்: 5 என்று கொடுத்தால் 5 என்ற மதிப்பு போகாது, 5-ஆம் எண் இடத்தில் இருப்பது போகும்.

கயத்தாறு, கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று பல ஊர்க் கணக்கையும் சேர்த்தால் ஹேஷ்மேப்புக்கு வாருங்கள். ஊர்ப் பெயர் திறவுகோல், அந்த ஊரின் தினசரி அரே அதன் மதிப்பு. 3-ஆவது எந்த ஊர் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் எட்டயபுரம், எட்டையபுரம் என்று இருவிதமாக உள்ளிட்டால் இரண்டு ஊராகிவிடும். பெயர்களை ஓரிடத்தில் நிலையாக அறிவித்துக்கொள்வது நல்லது. சேர்த்த வரிசையிலேயே ஊர்கள் வர வேண்டுமென்றால் லிங்க்டுஹேஷ்மேப்.

மழையோடு வெப்பநிலை, ஈரப்பதம் என்று சேரத் தொடங்கினால், மூன்று அரேக்களை இணையாக ஓட்டாதீர்கள். ஒரு நாளுக்கு ஒரு பொருள் என்று வகுப்பு எழுதி, அந்தப் பொருள்களை அரேயில் வையுங்கள். அப்படி வைத்த அரேயில் தொடக்கத்தில் எல்லா இடமும் ‘நல்’, அதாவது எந்தப் பொருளும் இல்லாத வெற்றிடம்; ஒவ்வொன்றையும் உருவாக்கிப் போட்ட பிறகே தொட வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் ஒன்று பொது. ஜாவாவில் அரேயும் ஒரு பொருள்தான். திருத்திப் பார்க்கலாம் என்று சமக்குறி போட்டு இன்னொரு பெயர் வைத்தால் நகல் கிடைக்காது, அதே அரேக்கு இரண்டு பெயர் கிடைக்கும். ஒன்றில் திருத்தினால் மூலக்கணக்கும் மாறும். க்ளோன் செய்யுங்கள். தினசரிக் கணக்கில் வெளி அரேயை மட்டும் க்ளோன் செய்தால் உள்ளே 12 மாதமும் பொதுவாகவே இருக்கும். ஒவ்வொரு மாத வரிசையையும் தனித்தனியே க்ளோன் செய்ய வேண்டும்.