நண்டு எவ்வளவு விரைவில் சூடாகும்?

சிதம்பரத்துக்கு அருகே, வெள்ளாறு கடலோடு கலக்கும் இடம் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இங்குதான் இருக்கிறது. நீர் வற்றும் வேளையில் கழிமுகச் சேற்றில் பிடில் நண்டுகளைக் காணலாம். ஆண் நண்டின் ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரியது. வெயிலில் இந்நண்டு சற்று நேரம் இரை தேடும், வளைக்குள் புகும், மீண்டும் வெளியே வரும். ஏன் இந்த ஓட்டம்?

நண்டு, தவளை, ஓணான் முதலியவற்றைக் குளிர் இரத்தப் பிராணிகள் என்கிறோம். பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம்! வெயில் காயும் ஓணானின் இரத்தம் நம் இரத்தத்தைப் போலவே சூடாக இருக்கக்கூடும். நம் உடல் உணவிலிருந்து பெறும் வெப்பத்தால் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸிலேயே நிற்கிறது. இவற்றின் உடல் வெப்பநிலையோ சுற்றுப்புறத்தைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. அளவு மீறி ஏறினால் உயிருக்கே ஆபத்து.

ஏறி இறங்கும் வேகத்தை அளப்பது எப்படி? 1701-ல் நியூட்டன் வழி காட்டினார். பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு மிகுந்தால், ஆறும் வேகமும் மிகும். அறை 30 டிகிரி, புட்டி நீர் 50 டிகிரி; வேறுபாடு 20. பத்து நிமிடத்தில் அது 10 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பத்து நிமிடத்தில் 5 ஆகும், அதற்கடுத்து 2.5. ஆகவே வேறுபாடு பாதியாவதற்கு ஆகும் நேரமே நமது அளவுகோல்.

நீங்களே செய்து பாருங்கள். ஒரே வடிவமுள்ள சிறிய கண்ணாடிப் புட்டி ஒன்றும் பெரியது ஒன்றும் எடுத்து, வெதுவெதுப்பான நீரை நிரப்பி நிழலில் வையுங்கள். பள்ளி ஆய்வுக்கூட வெப்பமானியால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து, வரைபடத் தாளில் குறியுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. பிராணிகளைப் பிடித்து வெயிலில் வாட்ட வேண்டாம், புட்டிகளே போதும்.

சிறிய புட்டியே முதலில் ஆறும். காரணம் எளிது. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6, கன அளவு 1. பக்கம் 2 செ.மீ. ஆனால் பரப்பு 24, கன அளவு 8. அதாவது, சிறியதில் ஒவ்வொரு கன செ.மீ.க்கும் பரப்பு 6. பெரியதில் 3 மட்டுமே. வெப்பம் பரப்பின் வழியாகத்தானே போகிறது! நண்டும் சிறிய புட்டியைப் போன்றது; வெயிலில் சட்டென்று சூடேறும், ஈர வளையில் சட்டென்று ஆறும்.

ஆனால் உயிர் வெறும் புட்டி அன்று. காலாபகஸ் தீவுகளில் வாழும் கடல் இகுவானா என்ற பெரிய பல்லியினத்தை பார்த்தலோமியூ, லாசியூஸ்கி ஆகியோர் ஆராய்ந்து 1965-ல் முடிவுகளை வெளியிட்டனர். நீரில் அது ஆறுவதைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகச் சூடேறியது. சூடேறும்போது இதயம் விரைந்து துடித்து, இரத்தத்தின் வழியே வெப்பத்தை உள்ளே கொண்டு செல்கிறது. ஆறும்போது துடிப்பு தணிகிறது.

இப்போது சொல்லுங்கள்: ஓணானும் பெரிய முதலையும் ஒரே நேரத்தில் வெயிலுக்கு வந்தால், எது முதலில் நிழலைத் தேடும்?