தக்காளியை விடுங்கள், உப்பைப் பாருங்கள்

நம்பிக்கை: தக்காளி விதைதான் சிறுநீரகத்தில் தங்கிக் கல்லாகிறது.

உண்மை: விதை குடல் வழியாக மலத்தோடு போய்விடும். சிறுநீரகத்துக்குள் நுழைய அதற்கு வழியே கிடையாது. சிறுநீரில் கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து படிகமாவதால்தான் பெரும்பாலான கற்கள் உருவாகின்றன. தக்காளியில் ஆக்சலேட் குறைவு; தக்காளி ரசத்தை நிறுத்தத் தேவையில்லை. பாலக் கீரை, பீட்ரூட், பாதாம் ஆகியவற்றில்தான் அது அதிகம்.

நம்பிக்கை: கல்லில் இருப்பது கால்சியம். ஆகவே பால், தயிர், மோர் கூடாது.

உண்மை: இருப்பதிலேயே அதிகக் கெடுதல் செய்யும் நம்பிக்கை இதுதான். சாப்பாட்டில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு தள்ளிவிடும். பாலையும் தயிரையும் நிறுத்திவிட்டால் ஆக்சலேட் தடையில்லாமல் ரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வந்துசேரும். இத்தாலியில், அடிக்கடி கல் வந்த 120 ஆண்களை 5 ஆண்டுகள் கவனித்தார்கள். பாதிப் பேருக்குக் கால்சியம் குறைந்த உணவு. மீதிப் பேருக்கு வழக்கமான அளவு கால்சியம்; ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. முதல் குழுவில் 23 பேருக்கும் இரண்டாவதில் 12 பேருக்கும் மறுபடி கல் வந்தது. 2002-இல் வெளியான முடிவு இது. இருந்தும் கல் என்றதும் தயிரை நிறுத்தும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

கீரைக்கும் தயிருக்கும் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கல் விஷயத்தில் அது தலைகீழ். பாலக் கீரை சமைக்கும் நாளில் அதே வேளையில் தயிர் சாதமும் சாப்பிடுவது நல்லது. கால்சியம் மாத்திரையின் கணக்கு வேறு; அதை மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

நம்பிக்கை: உப்பு ரத்த அழுத்தக்காரர்களின் கவலை.

உண்மை: உடலில் உப்பு ஏற ஏற, சிறுநீரில் கால்சியமும் அதிகமாகக் கழியும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எல்லாமே இதற்குள் அடங்க வேண்டும். எலுமிச்சையில் உள்ள சிட்ரேட் கல் உருவாவதைத் தடுக்கும்; அந்தச் சாற்றில் உப்பை அள்ளிப் போட்டுக் குடிப்பதில் என்ன லாபம்?

நம்பிக்கை: வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைத்துவிடும்.

உண்மை: வாழைத்தண்டுப் பொரியல் நல்ல உணவுதான். ஆனால் அது கால்சியம் கல்லைக் கரைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சின்னக் கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். பெயர் சாற்றுக்குப் போய்விடுகிறது. பீர் குடித்தால் கல் போகும் என்பது குடிக்க ஒரு சாக்கு, அவ்வளவே.

தண்ணீரை ஒரே மூச்சில் சொம்பு சொம்பாகக் குடிப்பதும் போதாது. ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீராவது கழியுமளவுக்குப் பகல் முழுவதும் பிரித்துக் குடிக்க வேண்டும். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ இருப்பவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கல் வெளியே வந்தால் எறிந்துவிடாமல் மருத்துவரிடம் கொடுங்கள். அது எந்த வகை என்று தெரிந்தால்தான் உங்களுக்கான உணவை முடிவு செய்ய முடியும்.